ஜோடியில் ஒன்று போன பிறகு

ஜோடியில் ஒன்று இறந்தால் மற்றதும் ஒரு வாரத்துக்குள் போய்விடும் என்று பறவை வளர்க்கிற வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் "ஒண்ணு செத்துப்போச்சுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். "தனியா விட்டா ஏங்கியே செத்துடும்மா, இன்னிக்கே இன்னொண்ணு சேர்த்து விட்டுடுங்க" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை கூண்டுக்குள் போயிருக்கும். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று ஒதுக்கிவிட முடியாது. அவரும் அதை நம்புகிறார். அன்றிலைப் பிரியாத இணைக்கு அடையாளமாக வைத்துப் பாடிய மொழி இது. அந்த நம்பிக்கை லேசில் போகாது.

இரண்டாவது பறவையும் சில நாளில் இறப்பது கட்டுக்கதையும் அல்ல, நடக்கிறதுதான். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏக்கத்தை அல்ல. இரண்டும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்தன, ஒரே டப்பாவிலிருந்து வந்த தினையைத் தின்றன, ஒன்றின் அலகிலிருந்து மற்றது இரை வாங்கியது, இரண்டும் ஒரே அறையின் காற்றைச் சுவாசித்தன. முதல் பறவையைக் கொன்றது தொற்றோ நஞ்சோ என்றால், அது இரண்டாவதன் உடம்புக்குள்ளும் ஏற்கெனவே இருக்கலாம். நாம் அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் நோய் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "பாவம், ஜோடி போன வருத்தம்" என்று சொல்லியே இரண்டு நாளைக் கடத்திவிடுவோம். 35 கிராம் எடையுள்ள ஓர் உயிருக்கு இரண்டு நாள் பட்டினி என்பது சாவுக்குப் பக்கம்.

எந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடலாம். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவது ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி. ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் 1840இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க வீட்டுக் கூண்டுகளுக்குள் வந்துவிட்டது. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரன், இன்னும் கட்டுமஸ்தான உடம்பு, கடிக்கிற அலகு. காக்டெயிலும் ஜீப்ரா பிஞ்சும் வளர்க்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மாடிவீட்டுப் பால்கனிகளில் அதிகம் தொங்குவது பட்ஜிதான் என்பதால் அதையே முன்னால் வைத்துப் பேசுகிறேன்.

பட்ஜி தன் நாட்டில் பெருங்கூட்டமாகத் திரியும், பருந்துக்கும் வல்லூறுக்கும் இரையாகும் பறவை. கூட்டத்தில் எது தளர்ந்து தெரிகிறதோ அதன்மேல்தான் வேட்டைப் பறவையின் கண் விழும். அதனால் முடிகிற வரைக்கும் நோயை வெளியே காட்டாது. நம் கண்ணுக்குச் சோர்வு தெரிகிறது என்றால் நோய் பாதி தூரம் வந்துவிட்டது என்று பொருள். இறகைச் சிலுப்பி உருண்டையாக உட்காரும், பகலிலேயே கண்ணை மூடும், சத்தம் குறையும், தின்பதும் குறையும். சிக்கல் என்னவென்றால், தனிமையில் வாடும் பறவையும் கிட்டத்தட்ட இதையே செய்யும். பார்வையால் மட்டும் இரண்டையும் பிரிக்க அனுபவமுள்ள டாக்டரே தயங்குவார். இரண்டு அறிகுறிகளை மட்டும் எந்நாளும் வருத்தத்தின் கணக்கில் எழுதாதீர்கள். கம்பியை விட்டிறங்கிக் கூண்டுத் தரையில் ஒரு மூலையில் நிற்பது ஒன்று. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது இன்னொன்று. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி வருத்தத்தையும் நோயையும் பிரித்துக்காட்ட வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு. கிராம் கணக்கில் காட்டினால் போதும். மூடியில் துளை போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பறவையை உள்ளே விட்டு நிறுக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ள பறவை என்றால் தராசின் மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, தினைக்கதிரைக் காட்டினால் தானே வந்து உட்காரும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன்னால், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும். கண்காட்சிக்கென்று வளர்க்கும் பெரிய ரகம் இன்னும் கூடும். பொதுவான அளவு எது என்பதைவிட உங்கள் பறவையின் சொந்த எண் எது என்பதுதான் விஷயம். 36 இருந்தது 35 ஆனால் கவலை இல்லை. 32 என்று காட்டினால் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 70 கிலோ ஆள் சில நாளில் 7 கிலோ இளைத்துவிட்ட மாதிரி. எடை நிலையாக இருந்து ஆட்டம்பாட்டம் மட்டும் குறைந்திருந்தால் நிதானமாக இருக்கலாம். எடை இறங்கினால், காரணம் எதுவாக இருந்தாலும் டாக்டர்தான்.

தினைக் கிண்ணத்தை நம்பாதீர்கள். பட்ஜி ஒவ்வொரு மணியையும் அலகில் உருட்டி உமியை உரித்துக் கிண்ணத்திலேயே விட்டுவிடும், உள்ளிருப்பதை மட்டும் விழுங்கும். மேலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஊதிப் பார்த்தால் அத்தனையும் உமி. இதன் மறுபக்கமும் உண்டு. உடம்பு சரியில்லாத பறவை கிண்ணத்தின் முன்னால் நின்று கொத்திக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் போகாது. பட்ஜிகளின் இரைப்பையில் மேக்ரோராப்டஸ் என்றொரு ஈஸ்ட் தொற்று வரும். அது வந்த பறவை நாள் முழுக்கத் தின்றுகொண்டேதான் இருக்கும், எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகும், எச்சத்தில் செரிக்காத தானியம் தெரியும். ஜோடியில் முதல் பறவை இப்படி இளைத்து இறந்திருந்தால், மிச்சமிருப்பதன் எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து இருக்கிற நோய்.

எச்சத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். கூண்டுத் தட்டில் செய்தித்தாளுக்குப் பதில் வெள்ளைக் காகிதம் போட்டால் நன்றாகத் தெரியும். ஆரோக்கியமான பட்ஜியின் எச்சத்தில் பச்சையோ பழுப்போ நிறத்தில் சுருண்ட திடப்பகுதி, அதன்மேல் சுண்ணாம்பு நிறத்தில் யூரிக் அமிலம், சுற்றிலும் கொஞ்சம் ஈரம் என்று மூன்றும் இருக்கும். சாப்பிடாத பறவையிடம் திடப்பகுதி சிறுத்துக் கரும்பச்சையாகிவிடும், ஏனென்றால் வெளியே வருவது உணவு அல்ல, பித்தநீர். எண்ணிக்கையும் முந்தைய நாளைவிடப் பாதியாகக் குறைந்திருந்தால், "ரெண்டு வாய் தின்னுச்சு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உயிரோடிருக்கும் பறவையைக் காப்பாற்றக்கூடிய தகவல் இறந்த பறவைக்குள் இருக்கிறது. நாம் அதைத்தான் முதல் வேலையாகத் துளசித்தொட்டி ஓரத்தில் புதைத்துவிடுகிறோம். பறவையின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது. இறகுகள் அந்தச் சூட்டை வெளியே விடாது. அதனால் உள்ளுறுப்புகள் சீக்கிரம் கெட்டுவிடும். பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கையுறை போட்டு எடுத்து, சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஒரு பட்ஜிக்கு இவ்வளவா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சில சாவுகளுக்குப் பரிசோதனை வேண்டியதில்லை, யோசித்தாலே விடை கிடைக்கும். முட்டை வெளியே வராமல் சிக்கி இறந்த பெட்டை, பூனை கை வைத்த பறவை, வயதாகி இறந்த பறவை என்றால் மற்றதற்குத் தொற்றும் ஆபத்து இல்லை. சித்திரை வெயிலில் பால்கனியில் மூச்சு வாங்கி இறந்தது என்றால் மற்றதை அன்றே உள்ளே கொண்டுவர வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அதன் பூச்சிலிருந்து வரும் புகை மனிதர்களுக்கு வெறும் எரிச்சல், பறவைக்கு எமன். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது; மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். ஆக்சிஜனை அள்ளுகிற அந்தத் திறமைதான் நஞ்சையும் அள்ளுகிறது. கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் கூண்டிருக்கும் அறைக்கு ஆகாது என்பதும் இதனால்தான். துத்தநாகம் பூசிய மலிவுக் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பறவைக்கு உலோக நஞ்சு ஏறுவதும் உண்டு. அப்படியானால் மருந்தோடு கூண்டையும் மாற்ற வேண்டும்.

வீட்டு மனிதர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கிளிக் குடும்பப் பறவைகளிடமிருந்து நமக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நோய்க்குக் காரணம் கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியா. 1929–30இல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகள் வழியே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி உயிர்களை வாங்கியது. காய்ந்த எச்சத்தின் தூசைச் சுவாசித்தாலே தொற்றிவிடும். பறவை இறந்த சில வாரங்களுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால், "வீட்டில் ஒரு பட்ஜி செத்தது" என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். சொல்லிவிட்டால் டாக்ஸிசைக்ளினில் அடங்கக்கூடிய நோய். கூண்டைத் துடைக்கும்போது தட்டை நனைத்துவிட்டுத் துடைப்பதும், முகக்கவசம் போட்டுக்கொள்வதும் எந்நாளுமே நல்ல பழக்கம்.

இவ்வளவும் சொன்னதால் பறவைக்கு ஏக்கமே கிடையாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிறது, அதை ரத்தத்தில் அளந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஒரே இணையோடு இருக்கும் ஜீப்ரா பிஞ்சுகளை வைத்து லூக் ரெமேஜ்-ஹீலி, எலிசபெத் அட்கின்ஸ்-ரீகன், மைக்கேல் ரொமேரோ மூவரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இணையைப் பிரித்ததும் பறவையின் ரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் ஏறியது. நமக்குக் கார்டிசால் என்ன வேலை செய்கிறதோ அதைப் பறவைகளுக்குச் செய்யும் நெருக்கடி ஹார்மோன் இது. பிரித்த பறவையைத் தனியே அடைத்துப்போடவில்லை, வேறு பறவைகளின் துணையோடுதான் வைத்தார்கள். அப்படியும் ஏறியது. பழைய இணையைத் திரும்பச் சேர்த்ததும் இறங்கியது. பழைய இணைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை ஜோடி சேர்த்தபோது இறங்கவில்லை. சந்தை வியாபாரியின் யோசனைக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. இன்றைக்கே இன்னொன்றைக் கொண்டுவந்து விட்டால் நம் மனம் ஆறும், பறவையின் உடம்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. கூடவே, அந்தப் புது வரவு எந்த நோயைச் சுமந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியாது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் தனியாகவே இருக்கட்டும்" என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளின் டெலோமியர்களை அளந்தார்கள். குரோமோசோமின் நுனியில் இருக்கும் காப்புப் பகுதி டெலோமியர். வயதாக ஆகக் குறுகும், நெருக்கடி கூடினால் இன்னும் வேகமாகக் குறுகும். தனிக்கூண்டில் வாழ்ந்த கிளிகளுக்கு, ஜோடியாக வாழ்ந்த சமவயதுக் கிளிகளைவிட அது குட்டையாக இருந்தது. நாள்பட்ட தனிமை, கூட்டமாக வாழப் பிறந்த பறவையின் செல்லுக்குள் போய்த் தேய்மானம் செய்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆக, அவசரமும் கூடாது, அலட்சியமும் கூடாது.

பட்ஜியின் இழப்பில் அதற்கே உரிய ஒரு விநோதம் இருக்கிறது. பட்ஜிகள் பிரிந்திருக்கும்போது ஒன்றையொன்று கூப்பிட ஒரு குட்டி ஒலி எழுப்பும், நொடியில் ஒரு சிறு பகுதிதான் நீளும். ஒவ்வொரு பறவைக்கும் அதில் ஒரு தனி நெளிவு உண்டு. கலிஃபோர்னியாவில் ஹைல், பிளம்மர், ஸ்டிரீட்டர் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஜோடி சேர்ந்த ஆண் தன் பழைய அழைப்பை விட்டுவிட்டுப் பெட்டையின் அழைப்பைக் கற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே குரலில் கூப்பிட்டுக்கொள்ளும். பெட்டை இறந்த பிறகு சேவல் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிடும் அந்தக் குரல் அதன் பிறவிக் குரல் அல்ல, செத்துப்போன பெட்டையிடம் கற்றது. ஆனால் இதே திறமைதான் அதன் மீட்சிக்கும் வழி. ஆண்களை ஒன்றாக வைத்தாலும் சில வாரங்களில் அழைப்புகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். பட்ஜியின் மூளை புதுத் துணையைக் கற்றுக்கொள்ளும்படி அமைந்தது, அதற்கு நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. சில பறவைகள் நாள்கணக்கில் கூப்பிட்டுத் தேடும். சில, எதுவுமே நடக்காதது போலத் தினையைக் கொறிக்கும். கூண்டில் அடிவாங்கிக்கொண்டிருந்த பறவை என்றால், அடிக்கிறது போன பிறகு முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டு எடை கூடுவதும் உண்டு. ஜோடி என்று நாம் நினைத்தது ஜோடியாகவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் சில நாட்களில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். இறந்த பறவையை உடனே எடுத்துவிடுங்கள். மற்றது "பார்த்துப் புரிந்துகொள்ளட்டும்" என்று உடலை உள்ளேயே விட்டுவைக்கச் சிலர் சொல்வார்கள். தொற்று இருந்தால் அதன் விலை பெரிது. கிண்ணம், கம்பி, தட்டு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து மறுபடி அதே இடத்தில் மாட்டுங்கள். கூண்டை வேறு அறைக்கு மாற்றுவது, புது ஊஞ்சல், புது பொம்மை என்று அடுக்குவது எல்லாம் இப்போது வேண்டாம். ஏற்கெனவே ஒரு மாற்றத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கும் பறவைக்குப் பழக்கமான ஏற்பாடுதான் பிடிமானம். ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. டிவி ஓடும் ஹாலில் இருக்கும் கூண்டுக்கு அது கிடைக்காது, ராத்திரிக்கு மட்டும் ஒரு துணி போடுங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். பிடித்த தீனி எதுவோ அதைக் கொடுங்கள். உணவுச் சீர்திருத்தத்துக்கு இது நேரமில்லை. கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

பறவை கூப்பிட்டால் பதில் கொடுங்கள். ஒரு சின்ன விசில், தினமும் அதே விசில், அடுக்களையிலிருந்தே கொடுக்கலாம். தொடர்பு அழைப்பு என்பதன் உள்ளர்த்தம் "இருக்கியா?" என்பதுதான், அதற்கு "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தால் பதற்றம் குறையும். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவது, பேப்பர் படிப்பது போதும். கூட்டமாக வாழும் பறவைக்கு ஒன்றாகச் சாப்பிடுவது பெரிய விஷயம். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அதற்கும் தீனி வைத்தால் கொறிக்கத் தொடங்கும்.

கையில் ஏறும் பறவை என்றால் தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள். முதுகிலும் வாலடியிலும் தடவுவது பறவையின் கணக்கில் இணை சேரும் சைகை. இது வேடிக்கை விஷயம் அல்ல. சேவல் இறந்த பெட்டைப் பட்ஜி நம்மையே துணையாக எடுத்துக்கொண்டு முட்டை மேல் முட்டையாக இடத் தொடங்கினால், எலும்பிலிருக்கும் கால்சியம் கரைந்து, ஏதாவது ஒரு முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போகும். நம் ஊர்க் கூண்டுகளில் மண்பானை கட்டித் தொங்கவிடுவது வழக்கம். பானை இருந்தால் அது முட்டையிடச் சொல்லும் அழைப்பு. ஜோடி பிரிந்ததும் பானையைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே பானைக்குள் முட்டையோ குஞ்சோ இருந்தால் கதை வேறு. பட்ஜிகளில் பெட்டைதான் சுமார் 18 நாள் அடைகாக்கும், சேவல் அதற்கு இரை கொண்டுவந்து ஊட்டும். சேவல் இறந்துவிட்டால் கிண்ணத்தைப் பானைக்கு அருகிலேயே வையுங்கள், பெட்டை சமாளித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெட்டை இறந்துவிட்டால் முட்டைகளுக்கு வழி இல்லை. ஓரளவு வளர்ந்த குஞ்சுகளைச் சேவல் தொடர்ந்து ஊட்டக்கூடும்; சிறு குஞ்சுகளுக்குக் கையால் ஊட்டத் தெரிந்த ஒருவரை அன்றைக்கே தேட வேண்டும்.

அடுத்து வரும் வாரங்களில் பெரிய எதிரி சும்மா இருக்கும் நேரம். காட்டில் பட்ஜி பகலின் பெரும்பகுதியைப் புல்விதை தேடித் தின்பதில் செலவழிக்கும். கூண்டில் அந்த வேலை கிண்ணத்தின் முன்னால் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஜோடி இருந்தவரை மிச்ச நேரத்தை ஒன்றையொன்று கோதிவிடுவதிலும் சண்டையிலும் கழித்தன. இப்போது அது காலி. முழுத் தினைக்கதிரைக் கூண்டின் உச்சியில் கட்டுங்கள், கீரையைக் கழுவி ஈரத்தோடு கொத்தாகத் தொங்கவிடுங்கள், தானியத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிப் போடுங்கள். கிழித்துத் தின்னட்டும். முதல் நாள் பயப்படும், மூன்றாம் நாள் கிழிக்கும்.

கண்ணாடி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சில பறவைகள் கண்ணாடிப் பிம்பத்துக்கு இரையை எடுத்து ஊட்டிக்கொண்டே இருக்கும், தாங்கள் தின்ன வேண்டியதைக் கண்ணாடியில் பூசிவிடும். பதில் சொல்லாத துணை அது. யூடியூபில் பட்ஜிக் கூட்டத்தின் சத்தத்தை ஓடவிடுவது அதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் பறவை பதிலுக்குப் பதில் கத்தித் தேடத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். பதில் வரும் துணை என்றால் திரையிலும் வேலை செய்கிறது. 2023இல் வெளியான ஒரு ஆய்வில் 18 கிளிகளுக்கு மணியடித்து வீடியோ காலில் மற்றக் கிளிகளைக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். பழகிய கிளிகள் தாங்களாகவே மணியடித்து நண்பர்களைக் கேட்டன, திரை முன்னால் சேர்ந்து பாடின, இறகு கோதின. பெரிய கிளி வகைகளிடம், எஜமானர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்துச் செய்தது இது. பட்ஜி வீட்டுக்கு டேப் வாங்கச் சொல்லவில்லை.

மூன்று நான்கு வாரம் போய், எடை நிலையாக இருந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு புதுத் துணையைப் பற்றி யோசிக்கலாம். அதே இனமாக இருக்க வேண்டும். பட்ஜியோடு ஆப்பிரிக்கன் லவ் பேர்டைப் போட்டால் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். அலகுக்கு மேலே மூக்குத்துளை இருக்கும் மெழுகுப் பகுதி வளர்ந்த சேவலுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு. மஞ்சள், வெள்ளை போன்ற சில நிற ரகங்களில் சேவலுக்கும் இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும், கடைக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். சேவலுக்குத் துணையாக இன்னொரு சேவல் நன்றாகப் பொருந்தும், குஞ்சு பொரிக்கும் தொல்லையும் இல்லை. இரண்டு பெட்டைகளை அடைத்தால் ரத்தக்காயம் வரைக்கும் சண்டை போகலாம்.

புதிதாக வந்ததைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கூண்டு என்பது தனிமைப்படுத்தல் ஆகாது. காற்றும் இறகுத் தூசும் தடுப்பில்லாமல் போகும். பழைய பறவைக்குத் தீனி வைத்த பிறகே புதியதற்கு வைக்க வேண்டும், கை கழுவ வேண்டும், கிண்ணங்கள் கலக்கக் கூடாது. இந்த 30 நாளில் இரண்டும் சுவருக்கு அப்பாலிருந்து ஒன்றின் குரலை ஒன்று கேட்கும், கூப்பிட்டுப் பழகும். அறிமுகத்தின் பாதி அப்படியே முடிந்துவிடுகிறது. பிறகு கூண்டுகளைக் கிட்டத்தில் வைத்து, ஒரே கம்பித் தடுப்புக்கு இருபுறமும் உட்கார்ந்து தூங்கத் தொடங்கினால், இரண்டுக்கும் புதிதான ஓர் இடத்தில் விடுங்கள். கிண்ணம் இரண்டு, ஊஞ்சல் இரண்டு.

சிலருக்கு வேறொரு யோசனை வரும்: தனியாகக் கூண்டில் கிடப்பதற்குப் பறந்தாவது போகட்டுமே என்று ஜன்னலைத் திறந்துவிடுவது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பொரித்த பட்ஜிக்கு நம் ஊர்க் காக்கையையும் வல்லூறையும் தெரியாது, தீனி தேடவும் தெரியாது. அது விடுதலை அல்ல. துணைக்கு ஒரு பச்சைக்கிளியைப் பிடித்துப் போடலாம் என்றால் அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளையும் முனியாக்களையும் வீட்டில் வளர்க்கக் கூடாது.

இன்னொரு பறவை வாங்கினால் ஒரு நாள் அதுவும் தனித்து நிற்கும், அதற்கு ஒன்று, பிறகு அதற்கு ஒன்று என்று கணக்கு முடியாது என்று அலுத்துக்கொள்பவர்களை எனக்குப் புரிகிறது. கூண்டில் பட்ஜி 5 முதல் 10 வருடம் வாழும். காக்டெயில் 15, 20 வருடம்கூட. வீட்டில் பகல் முழுக்க ஆளில்லை, இனிப் பறவையும் வேண்டாம் என்றால், நாலைந்து பட்ஜிகளைப் பெரிய கூண்டில் நன்றாக வளர்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது பறவைக்குச் செய்யும் நல்ல காரியம்தான். அவரிடமும் 30 நாள் தனியே வைக்கச் சொல்லுங்கள். வயதான பறவை, இளசு ஒன்றோடு ஒரே கூண்டில் ஒத்துப்போக மறுப்பதும் நடக்கும். துரத்துகிறது, தீனிக் கிண்ணத்தை விடமாட்டேன் என்கிறது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். இரண்டு கூண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பகலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது இரண்டின் கதவையும் திறந்துவிட்டு, ராத்திரி தனித்தனியாக அடைத்துவிடுங்கள். வருடக்கணக்கில் இப்படியே அக்கம்பக்கமாக இருந்து, காலையில் கூப்பிட்டுக்கொண்டு, சாயங்காலம் கம்பி ஓரத்தில் சண்டை போட்டுக்கொண்டு ஓட்டிவிடும் பட்ஜிகள் உண்டு.